கடற்புல் வெளியின் சிறு மேய்வோர்: கணக்கில் விடுபட்ட ஒரு கண்ணி

கடற்புல் வெளிகள் ஏன் அழிகின்றன என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே விடைதான் வருகிறது. வயல் உரமும் கழிவுநீரும் கடலில் கலக்கின்றன, நைட்ரஜன் கூடுகிறது, பாசி இலைகளை மூட, வெளிச்சமின்றிப் புல் மடிகிறது. இது தவறன்று, ஆனால் பாதி விடை. பாசி எவ்வளவு வளர்கிறது என்பதைச் சொல்கிறது. அதைத் தின்று தீர்ப்பவை எவை என்பதைச் சொல்வதில்லை. தின்பவற்றில் பெரும்பங்கு வகிப்பவை ஓரிரு சென்டிமீட்டரைத் தாண்டாத ஓட்டுடலிகள்: ஆம்பிபோடுகள், ஐசோபோடுகள். இவற்றை விட்டுவிட்டுக் கடற்புல்லின் நலத்தை மதிப்பிட முடியாது என்பதே என் வாதம்.

சுவீடனின் ஸ்காகெராக் கரையைப் பார்ப்போம். 1980களுக்குப் பின் அங்கே சோஸ்டெரா மரினா என்னும் கடற்புல்லின் வெளிகளில் பாதிக்கு மேல் மறைந்தன. பழி சத்துப்பொருள் பெருக்கத்தின்மேல் விழுந்தது. ஆனால் சிறுமீன்கள் நுழையாதபடி வலைக்கூண்டு அமைத்துச் சோதித்தபோது, உள்ளே கம்மாரஸ் லோகஸ்டா என்னும் ஆம்பிபோடு பெருகியது. உரம் சேர்த்த பின்னும் இழைப்பாசி மண்டவில்லை. கூண்டுக்கு வெளியே அந்த ஆம்பிபோடைச் சிறுமீன்கள் விட்டுவைக்கவில்லை. அச்சிறுமீன்கள் ஏன் பெருகின? அவற்றைத் தின்னும் காட் மீனை மனிதர் வரம்பின்றிப் பிடித்ததால். அப்படியானால் அங்கே புல் அழிந்ததில் கழிவுநீர்க் குழாய்க்கு உள்ள பொறுப்பு மீன்வலைக்கும் உண்டு.

கூண்டு நீரோட்டத்தையும் வெளிச்சத்தையும் மாற்றிவிடும் என்ற மறுப்பு நியாயமானது. அதற்கு வர்ஜீனியாவின் யார்க் ஆற்று முகத்துவாரத்தில் ஆய்வாளர்கள் விடை தேடினார்கள். கார்பரில் என்ற பூச்சிக்கொல்லியைப் பிளாஸ்டர் கட்டிகளில் கலந்து புல்லிடையே வைத்தார்கள். அது மெல்லக் கரைந்து ஓட்டுடலிகளை மட்டும் விரட்டியது. 2013இல் வெளியான முடிவுகளின்படி, அவை விலகிய இடங்களில் ஒட்டுப்பாசி கூடியது. விளைவு பருவத்துக்குப் பருவம் மாறியது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே பருவத்தில் எண்ணிவிட்டு ஆண்டு முழுவதற்கும் தீர்ப்புச் சொல்வது சரியாகாது.

புல்லோடு இவ்வுயிர்களுக்குள்ள பிணைப்பு உணவோடு நிற்பதில்லை. பெண் ஆம்பிபோடு முட்டைகளைத் தன் வயிற்றடிப் பையிலேயே பொரிக்கிறது. இறாலைப் போல நீரில் மிதந்து திரியும் இளம்பருவம் இவற்றுக்கு இல்லை. குஞ்சுகள் தாயின் உருவிலேயே வெளிவந்து அருகிலுள்ள இலைகளில் தங்குகின்றன. தொலைவு செல்வது பெரும்பாலும் அறுந்து மிதக்கும் இலைகளில் தொற்றிக்கொண்டுதான். ஆகவே புல்திட்டு ஒன்று தனித்துப்போனால், அங்கு அழிந்த இனம் திரும்பிவருவது எளிதன்று. புல்லை நட்டாலே மேய்வோரும் வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இல்லை.

இவற்றை வெறும் துப்புரவாளர்களாகக் காட்டுவதும் பொய். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்கு அயலிலிருந்து வந்த ஆம்பிதோ வேலிடா அங்கே சோஸ்டெராவின் இலையையே கடித்து அழிக்கிறது. அட்லாண்டிக் அதன் சொந்தக் கடல். வர்ஜீனியாவின் புல்வெளிகளில் அதே இனம் இத்தகைய கேடு செய்வதாகத் தெரியவில்லை. எனவே எண்ணிக்கை மட்டும் போதாது. எந்த இனம், எதைத் தின்கிறது, அதைத் தின்பது எது என்பதும் வேண்டும்.

சோஸ்டெராவின் பாடத்தைப் பாக் விரிகுடாவுக்கு அப்படியே பொருத்த முடியாது. இங்குள்ளவை சைமோடோசியா, சிரிங்கோடியம் போன்ற வெப்பக்கடல் இனங்கள். ஆவுளியா என்னும் கடற்பசுவும் பச்சை ஆமையும் இலையையே மேய்கின்றன. ஆயினும் 2022இல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆவுளியா காப்பகம் அறிவிக்கப்பட்டுள்ள இக்கடலில், புல்லின் பரப்பையும் அடர்த்தியையும் அளக்கும்போது அதில் வாழும் ஓட்டுடலிகளையும் சேர்த்து அளக்கலாம். பெரிய செலவில்லை: தளிர்களின்மேல் துணிப்பையைக் கவிழ்த்து அடியில் அறுத்து, கரையில் அலசி, அரை மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் போதும். கடற்புல் நடவுத் திட்டங்களுக்கு நிதி வழங்குவோர் இந்த எண்ணிக்கையை நடவுக்கு முன்னும் பின்னும், குறைந்தது இரண்டு பருவங்களில், கட்டாயமாக்க வேண்டும்.