இலந்தை இலையும் ஆலைக் காரமும்

மய்யித்தைக் குளிப்பாட்டும் வேளையில் இலந்தை இலை தேடப்படுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். நபி (ஸல்) அவர்களின் மகளார் மறைந்தபோது, தண்ணீராலும் இலந்தையாலும் ஒற்றைப்படையாகக் குளிப்பாட்டி, இறுதியில் கற்பூரம் சேர்க்குமாறு நபியவர்கள் பணித்ததை உம்மு அதிய்யா (ரலி) அறிவிக்கிறார்கள். கைஸ் இப்னு ஆஸிம் (ரலி) இஸ்லாத்தை ஏற்றபோதும் தண்ணீராலும் இலந்தையாலும் குளிக்கும்படி பணிக்கப்பட்டார். ஆகவே இலந்தை இறந்தோருக்கு மட்டும் உரியதன்று. உயிரோடிருப்போர் அழுக்கு நீக்கவும் அது பயன்பட்டது. அதன் பொடியைத் தண்ணீரில் கலக்கினால் நுரை எழும். நுரைக்குக் காரணமான 'சபோனின்' நம் பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் உண்டு.

இலைக்கு அடுத்து வந்தது சாம்பல். உவர்நிலச் செடிகளை எரித்துப் பெற்ற காரச் சாம்பலை அரபியர் 'அல்கலீ' என்றனர். வேதியியலின் 'ஆல்கலி' என்னும் சொல் அதன் வழி வந்ததே. நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர் வெள்ளாவியில் உவர்மண்ணைச் சேர்த்ததும் இதே காரத்தை நம்பித்தான்.

பாலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரில் இக்கலை செழித்தது. யோர்தான் ஆற்றுக்குக் கிழக்கே நாடோடி மக்கள் செடிகளை எரித்துச் சாம்பலைக் கொண்டுவந்தனர். அதனுடன் சுண்ணாம்பும் நீரும் சேர்த்துக் காரநீர் எடுத்து, ஒலிவ எண்ணெயோடு பெரிய கொப்பரையில் பல நாள் காய்ச்சினர். பின்னர் தளத்தில் ஊற்றி, ஆறியதும் வெட்டி, முத்திரையிட்டு, காற்றோட்டமான கோபுரங்களாக அடுக்கி மாதக்கணக்கில் உலர்த்தினர். சிரியாவின் அலெப்போவில் ஒலிவ எண்ணெயோடு புன்னை போன்ற வேறெதுவுமின்றி, 'கார்' எனப்படும் லாரல் காயின் எண்ணெயைச் சேர்த்தனர். இவ்விரு கலைகளையும் யுனெஸ்கோ 2024ஆம் ஆண்டு மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

திருப்பம் 1791இல் வந்தது. சாதாரண உப்பிலிருந்து சோடா காரம் செய்யும் முறைக்குப் பிரெஞ்சுக்காரரான நிக்கோலா லெப்லாங்க் காப்புரிமை பெற்றார். சோடா மலிந்தது, சவர்க்காரமும் மலிந்தது. ஆனால் அந்த ஆலைகள் கக்கிய ஹைட்ரோகுளோரிக் அமில வாயு சுற்றுப்புறத்துப் பயிர்களையும் மரங்களையும் கருக்கியது. அதைக் கட்டுப்படுத்தவே பிரிட்டன் 1863இல் தனிச் சட்டம் இயற்றியது. ஒருவர் வீட்டின் தூய்மைக்காக மற்றவர் மூச்சில் நஞ்சு கலந்தது.

அந்த முரண் இன்று நம் குளியலறைக்குள்ளேயே இருக்கிறது. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டினால் நச்சு வாயுவான குளோரின் எழும். வினிகரைக் கலந்தாலும் அவ்வாறே. இயற்கைப் பொருள் என்பதாலேயே எதுவும் தீங்கற்றதாகிவிடாது. நாப்லுஸின் காரநீரும் தோலைப் பொசுக்கக் கூடியதே. அதை எண்ணெயோடு காய்ச்சி, உலர்த்தி, உடலுக்கு இதமானதாக்கியது பொறுமை.

நஜீஸை நீக்க மார்க்கம் முதலில் காட்டுவது தூய நீரை. நறுமணத்தையோ கண்ணைக் கரிக்கும் நெடியையோ அன்று. தரைக்குப் பூந்திக்கொட்டை நீர், உப்புக்கறைக்கு எலுமிச்சை, பாத்திரத்துக்குச் சலித்த சாம்பல் என்று தொடங்கலாம். தனக்கும் பிறருக்கும் தீங்கிழைக்கலாகாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதி. வீட்டைக் கழுவும் வாளிக்கும் அவ்விதி பொருந்தும்.