தேதி உள்ள பயமும் தேதி இல்லாத பயமும்

டெக்சாஸ் மாநிலம் காப்பெலில் இன்று பதின்ம வயதுப் பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரில் பலர், தமிழ்நாட்டில் 1984இல் தொடங்கி 2006 வரை நடந்த தொழிற்கல்வி நுழைவுத் தேர்வை எழுதியவர்கள். “நாங்க படாத டென்ஷனா?” என்று அவர்கள் கேட்பது அந்த அனுபவத்தில்தான். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அன்றைய பதற்றத்தையும் இன்றையதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அளவைவிட அமைப்பில்தான் அவை வேறுபடுகின்றன.

பிளஸ் டூ பயத்துக்குத் தேதி இருந்தது. பொதுத்தேர்வு, நுழைவுத் தேர்வு, ரிசல்ட், கட்-ஆஃப், கவுன்சலிங் என்று வரிசையாக வந்து, அந்தக் கோடையோடு முடிந்துபோகும். இரக்கமில்லாத முறைதான் அது; ரிசல்ட் நாளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் உண்டு. மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017இல்தான் நிறுத்தியது.

காப்பெலில் ஒன்பதாம் வகுப்பின் முதல் பருவத்திலேயே கணக்கு தொடங்கிவிடுகிறது. கல்லூரித் தரத்திலான ஏ.பி. பாடம் எடுத்தால், ஜி.பி.ஏ. எனும் சராசரி மதிப்பெண்ணில் கூடுதல் மதிப்பு. ஒவ்வொரு பள்ளியிலும் முதல் 10 சதவீத மாணவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம் என்று 1997இல் டெக்சாஸ் சட்டம் இயற்றியது. கிராமத்துப் பள்ளிக்கும் ஏழைப் பகுதிப் பள்ளிக்கும் வழிவிட்ட நல்ல சட்டம் அது. ஆனால் வகுப்பில் பாதிப் பேர் விழுந்து விழுந்து படிக்கும் ஊரில், அதே சட்டம் தோழியையே போட்டியாளர் ஆக்குகிறது: அவள் ஒரு பாடம் கூடுதலாக எடுத்தால் இவளுடைய ரேங்க் இறங்கலாம். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் நேரடி இடத்தை 6 சதவீதமாகச் சுருக்கி, 2026 சேர்க்கைக்கு 5 ஆக்கிவிட்டது. அதற்குள் வந்தாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. “இந்த ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கோ” என்கிறோம். நான்கு வருடத்தில் எந்த வருடம்?

ஓயாத பயம் உடம்பில்தான் முதலில் தெரியும்: தூக்கமின்மை, திங்கட்கிழமை காலை வயிற்றுவலி, தேர்வன்று தலைசுற்றல். பிள்ளை பள்ளிக்குப் போகாமல் இருந்தால் உடனே நிம்மதி. அந்த நிம்மதியே அடுத்த முறை பயத்தை வளர்க்கிறது. தேர்வைத் தள்ளிவைக்கச் சொல்லி நாம் ஆசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல் அன்பில் எழுதியதுதான், ஆனாலும் அந்தச் சுழலுக்கே துணைபோகிறது. தள்ளிவைக்க வழியே இல்லாத தேர்வை எழுதி வளர்ந்த நமக்கு இந்தச் சுழல் புதிது.

இதற்குச் சிகிச்சை இருக்கிறது. 7 முதல் 17 வயது வரையுள்ள 488 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 60 சதவீதம் பேர் தேறினார்கள். செர்ட்ராலின் மருந்தும் சேர்ந்தபோது 81 சதவீதம். யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் பெற்றோருக்கு மட்டுமே பயிற்சி கொடுத்துப் பார்த்தார். 2019இல் வெளியான அவருடைய ஆய்வில், பிள்ளைக்கு நேரடியாகத் தரும் சிகிச்சைக்குக் குறையாத பலன் கிடைத்தது. எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் “எனக்கு ஒண்ணுமில்லை” என்று டாக்டரிடம் வர மறுக்கும் பிள்ளைக்கும் இதில் வழி உண்டு. 8 முதல் 18 வயது வரை எல்லோரிடமும் பதற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2022இல் பரிந்துரைத்தது. ஆண்டுப் பரிசோதனையில் குழந்தைநல மருத்துவரிடம் நாமே கேட்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது: அமெரிக்காவில் 988, இந்தியாவில் 14416 என்ற எண்ணை அழையுங்கள்.

காப்பெலிலும் தேதி குறித்த பயம் ஒன்று உண்டு, அதற்கு எந்தப் பயிற்சியும் போதாது. ஒரு நாட்டவருக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பால் இந்தியர்களின் கிரீன் கார்டு வரிசை பல்லாண்டு நீள்கிறது. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளை 21 வயதில் அந்த விசாவை இழக்கிறது. பிள்ளை கவலைப்படுமே என்று பெற்றோர் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார்கள். பிள்ளைக்கோ பாதி காதில் விழுகிறது, மீதியைத் தானே கற்பனை செய்துகொள்கிறது. எஃப்-1 மாணவர் விசாவுக்கு எப்போது மாறுவது, கட்டணத்துக்கு என்ன வழி என்று வழக்கறிஞரிடம் பேசும்போது, பதினாறு வயதிலேயே அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.