துணிவைத் தடுத்த ஐயம்

கொல்லிமலை எனக் கேட்ட அளவில் தமிழ் கற்றோர் நெஞ்சில் வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும் தோன்றுதல் இயல்பு. கண்டாரைச் சிரித்து மயக்கி உயிர் கொள்ளும் அப்பாவையைத் தலைவியின் எழிலுக்கு உவமையாக்கினர் சங்கப் புலவர். எதிர்ப்பட்டவள் அணங்கோ, மானுட மகளோ எனத் தலைவன் மயங்குவது ஐயம். மலர், இமைக்கும் கண் முதலியவற்றை அவ்வையத்தைக் களையும் கருவிகளாகத் தொல்காப்பியக் களவியல் காட்டும். நாற்கவிராச நம்பி காட்சி, ஐயம், துணிவு, குறிப்பறிவு என வரிசைப்படுத்துவார். ஐயத்திற்கு அடுத்த படி துணிவு. இது தமிழ் இலக்கணம் கண்ட நெறி. உலகத்தை இரண்டாம் படியிலேயே நிறுத்தி வைக்கப் பெருந்தொழில் நிறுவனங்கள் பெரும்பொருள் செலவிட்ட வரலாறு ஒன்று இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்தது. அது புவி வெப்பமாதல் பற்றியது.

நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் எழும் கரியமில வாயு புவியின் வெப்பத்தைத் தேக்கி வைக்கும் என்பதை அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்சான் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. 1977 ஜூலையில் அதன் அறிவியலாளர் ஜேம்ஸ் பிளாக் மேலாண்மைக் குழுவின் முன் இதனை எடுத்துரைத்தார். 1979இல் எண்ணெய்க் கப்பல் ஒன்றிலேயே கருவிகளைப் பொருத்திக் கடலிலும் காற்றிலும் அவ்வாயுவை அளக்கத் தொடங்கினர். 1982இல் வருங்கால வெப்ப உயர்வை வரைபடமாகத் தீட்டினர். அந்நிறுவனத்தின் கணிப்புகளைப் பின்னர் நிகழ்ந்தவற்றோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 2023இல் வெளிவந்தது. அவற்றுள் பெரும்பான்மையானவை பிழையின்றி அமைந்திருந்தன என்பது அதன் முடிவு. காட்சியும் துணிவும் அவர்களுக்கு உள்ளே கிட்டிவிட்டன. ஐயம் மட்டும் வெளியே அனுப்பப்பட்டது.

1988 ஜூனில் ஜேம்ஸ் ஹான்சன் அமெரிக்க மேலவைக் குழுவின் முன் புவி வெப்பமாதல் தொடங்கிவிட்டது எனச் சான்றுரைத்தார். மறு ஆண்டே எண்ணெய், நிலக்கரி, மோட்டார் வாகனத் தொழில்கள் கூடி உலகப் பருவநிலைக் கூட்டணி என்ற அமைப்பை நிறுவின. அதன் அறிவியல் குழு 1995இல் வரைந்த உள்குறிப்பு, கரியமில வாயு வெப்பத்தைத் தேக்கும் என்ற அடிப்படை மறுக்கவொண்ணாதது என ஒப்புக்கொண்டது. அக்குறிப்பு 2009இல்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. இக்கலையில் முன்னோடிகள் புகையிலை நிறுவனத்தார். அவர்களுள் ஒரு நிறுவனத்தின் 1969ஆம் ஆண்டுக் குறிப்பு, தாங்கள் ஆக்கி விற்கும் சரக்கு ஐயமே என வெளிப்படையாக எழுதியிருந்தது.

இங்குச் சொல்லாட்சி கருதத்தக்கது. அறிவியலாளர் எந்த அளவையும் ஓர் எல்லைக்குள் வைத்தே கூறுவர். இத்தனை முதல் இத்தனை வரை என்பர். அது அறியாமையன்று, அளந்தவரின் அடக்கம். விளம்பரக்காரர் அவ்வடக்கத்தை எடுத்து, 'அவர்களுக்கே தெரியவில்லை' எனத் திரித்தனர். 1998இல் எண்ணெய்த் தொழில் சங்கத்தின் துணையோடு தீட்டப்பட்ட திட்டமொன்று, பருவநிலை அறிவியலின் உறுதியின்மை பொதுமக்கள் மனத்தில் பதிவதையே வெற்றி என வரையறுத்தது. பொய்யை நிலைநாட்டும் வேலை அதற்கு இல்லை. துணிவு தள்ளிப்போனால் போதும். 2001இல் அமெரிக்கா கியோட்டோ உடன்படிக்கையைக் கைவிட்டது. 2002இல் கூட்டணி தன் பணி நிறைவேறியது என்று கூறிக் கலைந்தது.

ஐயுறுவோர் எல்லாரும் இவ்வாணிகத்தின் ஆட்கள் அல்லர். 1990இல் அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்று, நெல்வயலும் கால்நடையும் வெளியிடும் மீத்தேனையும் கணக்கிட்டு, வெப்பமூட்டும் நாடுகளின் முன்வரிசையில் இந்தியாவை வைத்தது. அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் அக்கணக்கின் நேர்மையை வினவினர். அதே ஆண்டில் ஏ.பி. மித்ரா தலைமையில் இந்திய அறிவியலாளர் நெல்வயல்களில் இறங்கி அளந்தனர். அயலார் 3 கோடியே 78 இலட்சம் டன் என மதித்த நெல்வயல் மீத்தேன் ஏறத்தாழ 40 இலட்சம் டன்னே எனத் தெரிந்தது. ஐயுற்றவர் அளந்தனர், அளந்ததை வெளியிட்டனர்.

கொல்லிமலையைப் பற்றிப் பேசும்போதும் இந்நேர்மை வேண்டும். அங்குச் சாமையும் தினையும் கேழ்வரகும் சுருங்கியதற்குப் பெரிதும் காரணம் மரவள்ளிக்குக் கிடைத்த சந்தை. அதனைப் பருவநிலையின் மேல் ஏற்றுதல் தகாது. ஆயினும் எஞ்சிய சாமை மழையை நம்பியே விதைக்கப்படுகிறது. அதனை விதைக்கும் மலையாளிப் பழங்குடியினரின் கருத்தை அந்த விளம்பரப் போரில் எவரும் கேட்டதில்லை. கூட்டணி பிறந்த 1989இல், காற்றின் பத்து இலட்சம் பங்கில் கரியமில வாயு 353 பங்கு இருந்தது. அது கலைந்த 2002இல் 373 பங்கு. 2024இல் 420ஐக் கடந்து நின்றது.