பெஞ்சியில் காத்திருந்தவள்

எட்கர் டெகா என்ற பிரெஞ்சு ஓவியரின் படம் ஒன்று உண்டு. 1882-ஐ ஒட்டி வரைந்தது. 'காத்திருத்தல்' என்பது அதன் பெயர். ஒரு நீளமான பெஞ்சி. அதில் இரண்டே பேர். ஒருத்தி இளம் பெண். வெள்ளை நாட்டிய உடையுடன் குனிந்து, தன் கணுக்காலைப் பிடித்து விட்டுக் கொண்டிருக்கிறாள். அவள் பக்கத்தில் கறுப்பு உடையும் கறுப்புத் தொப்பியுமாக ஒரு ஸ்திரீ. கையில் ஒரு குடை. அதன் நுனியைத் தரையில் ஊன்றியபடி அவள் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

கறுப்பு உடைக்காரி பெண்ணின் தாயாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அப்படி ஒரு பொறுமையுடன் வேறு யார் உட்கார்ந்திருக்க முடியும்? நாட்டியத்தின் சரித்திரம் எழுதியவர்கள் ஆடியவர்களின் பெயரை எழுதினார்கள். ஆட்டுவித்த ஆசான்களின் பெயரையும் எழுதினார்கள். பெஞ்சியில் காத்திருந்தவளை மட்டும் ஏனோ விட்டுவிட்டார்கள். நான் கதை எழுதுகிறவன். எனக்குக் கண் போவது அந்தக் குடையின் மேல்தான்.

பாலே என்கிற ஐரோப்பிய நாட்டியத்துக்கு ஓர் இரக்கமற்ற விதி உண்டு. இடுப்பு மூட்டிலிருந்தே இரண்டு காலையும் வெளிப்புறமாகத் திருப்பி நிறுத்துவதுதான் அதன் ஆரம்பப் பாடம். எலும்பு முற்றுவதற்கு முன்பே உடலை அதற்குப் பழக்கியாக வேண்டும். எட்டு வயது, பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும். பதினெட்டு வயதில் தொழிலுக்கு வந்தால், நாற்பதை எட்டும்போது பெரும்பாலும் எல்லாம் முடிந்துவிடும். வக்கீலாவதா வைத்தியனாவதா என்று ஒரு வாலிபன் யோசித்துத் தீர்மானிக்கிற வயதில், இந்தப் பெண் பாதி ஆயுளை ஆடித் தீர்த்திருப்பாள். ஆகவே இது குழந்தை எடுக்கிற தீர்மானமல்ல. பெரியவர் ஒருவர் எடுக்கிற தீர்மானம். பந்தயத்தில் வைக்கிற பொருளோ குழந்தையின் உடம்பு.

இப்படிப் பந்தயம் வைத்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். பாரிஸ் நகரத்தின் ஆபரா நாட்டியப் பள்ளி 1713-ல், பதினான்காம் லூயி மன்னன் காலத்தில் ஏற்பட்டது. ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் 1738-ல் லாந்தே என்ற பிரெஞ்சு ஆசான், அன்னா மகாராணியின் அனுமதியுடன் ஒரு பள்ளி தொடங்கினான். முதல் மாணவர்கள் பன்னிரண்டு பையன்கள், பன்னிரண்டு பெண்கள். எல்லோரும் அரண்மனை வேலைக்காரர்களின் குழந்தைகள். பிரபுக்கள் பார்க்கிறவர்களாக இருந்தார்கள். ஆடுவதற்குப் பிள்ளைகளைக் கொடுத்தவர்கள் சமையற்கட்டிலிருந்தும் லாயத்திலிருந்தும் வந்தார்கள்.

இந்த இரண்டு நகரங்களிலும் சலவைத் தொழில் செய்த இரண்டு தாய்மார்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாரிஸில் இருந்தவளுக்கு மூன்று பெண்கள். பெல்ஜியத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். புருஷன் தையற்காரன், அவன் இறந்துபோனான். அவள் ஊரார் துணியைத் துவைத்துப் பெண்களை வளர்த்தாள். நடுப் பெண் மாரீ வான் கூத்தெம், 1865-ல் பிறந்தவள். 1878-ல் மாரீயையும் தங்கையையும் ஆபராப் பள்ளியில் சேர்த்தாள் தாய். அந்தப் பள்ளிச் சிறுமிகளுக்குப் பாரிஸ்காரர்கள் வைத்த செல்லப் பெயர் 'சுண்டெலிகள்'. பெயரில் செல்லம் இருந்ததே தவிர வாழ்க்கையில் இல்லை. சொற்பச் சம்பளம். வராமற் போனாலும் நேரம் தவறினாலும் அபராதம். அந்தச் சொற்பமும் வீட்டுக்குத் தேவையாக இருந்தது. போதாததற்கு, பக்கத்துத் தெருக்களில் குடியிருந்த டெகாவுக்கு மாதிரியாக நின்று மாரீ மேலும் கொஞ்சம் சம்பாதித்தாள்.

ஆபராவில் இன்னொரு வழக்கமும் இருந்தது. வருஷ சந்தா கட்டிய கனவான்கள் மேடைக்குப் பின்னால் இருந்த நாட்டியக் கூடத்துக்குள் தாராளமாக வந்து போகலாம். தொப்பியும் கைத்தடியுமாக அவர்கள் நிற்பதை டெகாவின் படங்களிலேயே பார்க்கலாம். பசித்த வீட்டுப் பெண்களும் பணமுள்ள மனிதர்களும் சந்திக்கிற இடத்தில் என்ன நடக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. தாய்மார்கள் வகுப்பிலும் ஒத்திகையிலும் சுவரோரமாக வந்து உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். காவலுக்கு உட்கார்ந்தார்கள் என்று சிலர் சொன்னார்கள். பேரம் பேச உட்கார்ந்தார்கள் என்று பலர் சொன்னார்கள். 'ஆபராத் தாய்' என்பவள் அந்தக் காலத்துப் பாரிஸ் பத்திரிகைகளுக்கு ஒரு கேலிப் பொருள். லுதொவிக் ஹாலெவி என்ற எழுத்தாளர் அப்படிப்பட்ட தாய் ஒருத்தியை வைத்தே கதைகள் எழுதிப் பேர் வாங்கினார். எங்கள் எழுத்தாளர் கூட்டத்துக்கு இது பழக்கந்தான். அரிசி விலை தெரியாதவனுக்கு அரிசி வாங்குகிறவளின் பேரம் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

1881-ல் டெகா ஒரு மெழுகுச் சிலையைக் கண்காட்சியில் வைத்தார். 'பதினான்கு வயதுச் சிறு நாட்டியக்காரி.' அது மாரீதான். நிஜத் துணியில் பாவாடை, நிஜ முடி, அதில் ஒரு ரிப்பன். முகவாயைத் தூக்கி, கண்ணைப் பாதி மூடி, கையைப் பின்னால் கோத்து நிற்கிறாள். அவலட்சணம், குரங்கு முகம் என்றெல்லாம் விமரிசகர்கள் எழுதினார்கள். ஒரு குழந்தை களைத்துப்போய் நிற்கிறது என்று தோன்ற அவர்களுக்கு மனம் வரவில்லை. மறு வருஷம், 1882-ல், சரியாக வேலைக்கு வரவில்லை என்று ஆபரா அவளை நீக்கிவிட்டது. அதோடு நாட்டிய சரித்திரத்தில் அவள் கதை முடிந்தது. அந்த மெழுகுச் சிலை இன்று வாஷிங்டனில் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. டெகா இறந்த பிறகு வார்த்த வெண்கலப் பிரதிகள் உலகத்தின் பெரிய பொருட்காட்சி சாலைகளில் நிற்கின்றன.

தாய் சரியில்லை என்று தீர்ப்புச் சொல்வது சுலபம். ஆனால் அதே தாய், அதே வருஷம் சேர்த்த கடைசிப் பெண் ஆபராவிலேயே நிலைத்து ஆடினாள். பிற்காலத்தில் அங்கேயே ஆசிரியையாகவும் இருந்தாள். ஒரே அடுப்பில் வெந்த சோறு. ஒரு பெண் தங்கினாள், ஒரு பெண் தொலைந்தாள். இதில் தாயின் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு என்று அளக்க யாரிடம் படி இருக்கிறது?

இனி பீட்டர்ஸ்பர்க்குக்கு வருவோம். பாரிஸில் மாரீயின் சிலையைக் கண்டு முகம் சுளித்த அதே 1881-ல், பிப்ரவரி மாதத்தில், இங்கே ஒரு சலவைக்காரிக்கு மாதம் நிறைவதற்கு முன்பே ஒரு பெண் பிறந்தது. பிழைக்குமோ என்று பயந்த குழந்தை. பாட்டியின் கிராமத்தில் வளர்ந்தது. குழந்தையின் பெயர் அன்னா. குடும்பத்தில் ஆண் துணை இல்லை. கையில் காசும் இல்லை. இருந்தும், மகளுக்கு எட்டு ஒன்பது வயதாகும்போது, அந்தத் தாய் அவளை மாரின்ஸ்கி நாடகசாலைக்கு அழைத்துப் போனாள். 1890-ல் அரங்கேறிய 'உறங்கும் அழகி' என்ற நாட்டிய நாடகம். சங்கீதம் சைக்காவ்ஸ்கி, நாட்டிய அமைப்பு மாரியுஸ் பெத்திபா. கூட்டமாக ஆடிய பெண்களைக் காட்டி, உனக்கும் இப்படி ஆட ஆசையா என்று தாய் கேட்டாளாம். கூட்டத்தில் அல்ல, ராஜகுமாரியாக ஆடத்தான் ஆசை என்று மகள் சொன்னாளாம். பாவ்லோவாவே பிற்காலத்தில் எழுதி வைத்த சம்பவம் இது.

குழந்தைகள் இப்படி ஆயிரம் சொல்லும். மறுநாள் பொம்மை வாங்கிக் கொடுத்து மறக்க அடிக்கலாம். இவள் தாய் அப்படிச் செய்யவில்லை. பள்ளிக்கு அழைத்துப் போனாள். வயது போதாது, பத்து வயதானபின் வா என்று திருப்பி அனுப்பினார்கள். தாய் காத்திருந்தாள். 1891-ல் மறுபடியும் அழைத்துப் போனாள். இந்தத் தடவை கதவு திறந்தது.

திறந்த கதவுக்கு உள்ளே இருந்ததுதான் முக்கியம். அங்கே தேறிய குழந்தைக்குத் தங்க இடம், சாப்பாடு, உடை, படிப்பு, வைத்தியம் எல்லாம் ஜார் மன்னனின் கஜானாச் செலவு. தாய் ஒரு காசு கட்ட வேண்டாம். மகள் ஒரு காசு சம்பாதித்து வரவும் வேண்டாம். படிப்பு முடிந்தால் மன்னனின் நாடகசாலையில் வேலை; இருபது வருஷம் ஆடினால் பென்ஷன். மாரீக்குக் கிடைக்காதது இதுதான். மாரீ ஆடிக்கொண்டே சம்பாதிக்க வேண்டியிருந்தது. அன்னாவோ எட்டு வருஷம் வேறு கவலை இல்லாமல் கற்க முடிந்தது.

அன்னாவின் உடல் மெலிந்தது. பாதத்தின் வளைவு அளவுக்கு மேல் உயர்ந்தது. இத்தாலியப் பெண்கள் இரும்புக் கால்களுடன் சக்கரமாகச் சுழன்று கைதட்டல் வாங்கிய காலம் அது. அவர்களைப் போல் பலம் காட்டும் வித்தைகளுக்கு ஆசைப்படாதே, உன் மென்மையே உன் சொத்து என்று சொல்லித் தடுத்தவர் அவளுடைய ஆசான் பாவெல் கெர்ட். மாதச் சம்பளத்துக்கு அவசரப்படுகிற பள்ளியில் ஓர் ஆசானுக்கு இப்படிப் பார்க்க அவகாசம் கிடைத்திருக்குமா? 1899-ல் படிப்பு முடிந்தது. 1906-ல் அவர் தலைமை நர்த்தகி. அன்னா பாவ்லோவா என்ற பெயர் உலகம் முழுவதும் ஒலித்தது.

ஆனால் இலவசம் என்று ஒன்று உலகத்தில் உண்டா? பத்து வயதில் பெண்ணை விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பிய தாயின் கை வெறுங்கைதான். பாரிஸ் தாய் பெஞ்சியிலாவது உட்கார்ந்தாள். பீட்டர்ஸ்பர்க் தாய்க்குப் பெஞ்சியும் இல்லை. மகளின் வாழ்க்கையில் அவள் விருந்தாளி ஆனாள். கொடுத்துவிட வேண்டும், அதன்பின் கேட்கக் கூடாது. அவள் கட்டிய கட்டணம் அது.

அதே பள்ளியில் அன்னாவுக்கு மூன்று வருஷம் பின்னால் சேர்ந்த தமாரா கர்ஸாவினாவின் வீட்டிலோ கதை வேறு. தகப்பனார் பிளாட்டோன் கர்ஸாவின் மன்னனின் நாடகசாலையில் ஆடியவர். மகள் நாட்டியத்துக்கு வருவதை அவர் விரும்பவில்லை. திரைக்குப் பின்னால் நடக்கும் சூழ்ச்சிகளை அனுபவித்தவருக்கு அந்தப் பயம் இயற்கை. தாய் அவருக்குத் தெரியாமல், ஓய்வு பெற்ற நர்த்தகி ஒருத்தியிடம் குழந்தைக்குப் பாடம் சொல்லி வைத்தாள். சில மாதங்களில் விஷயம் வெளிப்பட்டது. தகப்பனார் கோபித்தார், பிறகு தாமே கற்பிக்க உட்கார்ந்தார். தெரிந்தவர் தடுக்கிறார், தெரியாதவள் துணிகிறாள். குடும்பங்களில் பல நல்ல காரியங்கள் இப்படித்தான் நடக்கின்றன, சில விபரீதங்களும்தான்.

1917-ல் ரஷ்யப் புரட்சி வந்தது. பீட்டர்ஸ்பர்க் வித்தை நாடெங்கும் சிதறியது. ஷாங்காய் வரை போயிற்று. அங்கே ஆங்கிலப் புகையிலைக் கம்பெனி ஒன்றில் வேலையாயிருந்த ஒரு வெள்ளைக்காரரின் மகள் பெக்கி, கான்சரோவ் என்ற ரஷ்ய அகதியிடம் பாலே கற்றாள். பெண்ணிடம் ஏதோ இருக்கிறது என்று தாய் ஹில்டா கண்டுகொண்டாள். 1933-ல் புருஷனைச் சீனாவில் விட்டுவிட்டு, பதினான்கு வயதுப் பெண்ணுடன் லண்டனுக்குக் கப்பல் ஏறினாள். பீட்டர்ஸ்பர்க் பள்ளியில் பயின்ற அஸ்தாபியேவா லண்டனில் வகுப்பு நடத்தி வந்தாள். அவள் முதலில் தயங்கினாள்; தாய் விடவில்லை. அடுத்த வருஷமே பெக்கி நாட்டியக் கம்பெனியில் சேர்ந்தாள். அவள்தான் மார்கோ பான்டெய்ன். தாய் ஒத்திகைக்கு வருவாள், ஆடைகளைக் கவனிப்பாள், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருப்பாள். கம்பெனியார் அவளுக்கு 'கறுப்பு ராணி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். சதுரங்கத்தை வைத்து 1937-ல் அவர்கள் போட்ட நாட்டியத்தில் வருகிற பயங்கரமான பாத்திரம் அது. பட்டப்பெயரில் கேலி பாதி, மரியாதை பாதி. சீனாவில் தங்கிய தகப்பனாரோ யுத்த காலத்தில் ஜப்பானியரின் காவல் முகாமில் அடைபட்டார். ஒரு பெண் மேடை ஏற, ஒரு குடும்பம் கடலின் இரண்டு கரைகளில் நின்றது.

நான்கு தாய்மார்களைப் பார்த்துவிட்டோம். அன்பிலோ உறுதியிலோ இவர்களுக்குள் ஏற்றத்தாழ்வு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. துவைத்துக் காய்த்த கை பாரிஸிலும் ஒன்றுதான், பீட்டர்ஸ்பர்க்கிலும் ஒன்றுதான். வித்தியாசம் அவர்கள் தட்டிய கதவில் இருந்தது. ஒரு கதவு குழந்தையை வாங்கிக்கொண்டு அதற்குச் சோறு போட்டது. இன்னொரு கதவு குழந்தையை வாங்கிக்கொண்டு அதையே சோறு தேடச் சொன்னது. சொந்தச் செலவில் கதவைத் திறக்க முடிந்தவளுக்கு அது கணவனின் துணையை விலையாகக் கேட்டது. மேதை தானே முளைக்கும் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். முளைக்கும், ஆனால் வேலியும் தண்ணீரும் யார் தலையில் விழுகின்றன என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பாவ்லோவாவுக்குக் குழந்தை இல்லை. முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு, அநாதைகளான ரஷ்யப் பெண் குழந்தைகளுக்காகப் பாரிஸுக்குப் பக்கத்தில், ஸான் க்ளூ என்ற இடத்தில் ஒரு விடுதி ஏற்படுத்தித் தம் வருமானத்திலிருந்து அதை நடத்தினார். எந்த ஊரில் ஒரு சலவைக்காரியின் மகள் தொலைந்துபோனாளோ, அந்த ஊர்ப் பக்கத்திலேயே இன்னொரு சலவைக்காரியின் மகள் பிறர் குழந்தைகளுக்குச் சோறு போட்டாள். 1929-ல் ஆஸ்திரேலியா சென்ற கப்பலில் நம் ருக்மிணி தேவி பாவ்லோவாவுடன் பழகியதும், அவருடைய குழுவிலிருந்த க்ளியோ நோர்டியிடம் பாலே கற்றதும், உன் நாட்டுக் கலையைத் தேடிப் போ என்று பாவ்லோவா சொன்னதும் நாம் அறிந்த கதை. 1936-ல் தோன்றிய கலாக்ஷேத்திரத்தின் வேரில் ஒரு நுனி, காசில்லாமல் மகளை நாடகசாலைக்கு அழைத்துப்போன அந்த ரஷ்யத் தாயின் கைவரை நீள்கிறது.

பாவ்லோவா 1931 ஜனவரியில், ஐம்பது வயது நிறைவதற்குள், ஹேக் நகரத்தில் காலமானார். பான்டெய்ன் ஏறக்குறைய அறுபது வயது வரை ஆடினார். அவர்களுடைய பெயர்கள் நிற்கும். டெகாவின் பெஞ்சிக்கு மறுபடியும் வருகிறேன். அந்தப் பெண்ணின் கணுக்கால் சரியாயிற்றா, மேடை ஏறினாளா என்று படம் சொல்வதில்லை. கறுப்பு உடைக்காரிக்கும் அது தெரியாது. தெரியாமலேதான் அவள் குடையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.