காலிப்பரும் கைக்கணக்கும்

போன வாரம் எலவனாசூர்கோட்டை போறப்ப முன்சக்கரத்துல 'டொக் டொக்'னு சத்தம். சேலம் ரோட்டோரம் நிறுத்திப் பார்த்தா, காலிப்பர் போல்ட் ஒண்ணு பாதி கழண்டிருக்கு. பின்சீட்ல அம்மா!

அப்பாவோட பழைய அம்பாசிடர்ல இந்தப் பேச்சே இல்லை, நாலு சக்கரமும் டிரம். டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்துல லான்செஸ்டர் காப்புரிமை வாங்கினது என்னவோ 1902-லயே. ஆனா செம்புக் கட்டை, காதைக் கிழிக்கும். 1953 லெ மான்ஸ் பந்தயத்துல ஜாகுவார் ஜெயிச்சப்புறம்தான் உலகம் திரும்பிப் பார்த்துச்சு. நம்ம பாடியில பிரேக்ஸ் இந்தியா தொடங்கினது 1962.

டிஸ்க்குல பிடிக்கிற விசை மொத்தமும் காலிப்பரைத் தாங்குற ரெண்டு போல்ட் மேலதான். குறைஞ்சா கழண்டுக்கும், மிஞ்சினா மரை போயிடும். பிராக்கெட் போல்ட்டுக்கு ஓர் அளவு, சின்ன ஸ்லைட் பின் போல்ட்டுக்கு வேற அளவு.

"எல்லாம் கைக்கணக்கு தம்பி"ன்னார் மெக்கானிக் அண்ணன். மேனுவலை நீட்டி டார்க் ரெஞ்ச் கேட்டேன். தேடி எடுக்கவே அரைமணி நேரம் ஆச்சு :)