ஓலையும் பதிவேடும்: தமிழ் லுத்தரன் சபையின் சரித்திரச் சான்றுகள்

செல்லரித்த ஏடுகளைப் புதிதாகப் பிரதி செய்துகொண்டு, பழையவற்றை ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விடுவது காவிரிக்கரை ஊர்களின் பழைய சம்பிரதாயம். நாளடைவில் பிரதி செய்யும் உழைப்பு ஒழிந்து, ஆற்றில் விடும் சடங்கு மட்டும் எஞ்சியதால் அரிய நூல்கள் பல அழிந்தன. காவிரியினின்று குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளியில் பெருக்கு நாளன்று நின்று நீரை நோக்குகிறவனுக்கு இந்நினைவு எழாதிராது. சபைகளின் ஆவணங்களுக்கும் இக்கதி நேரலாகாது என்பதும், ஓர் ஆவணத்துக்குப் பாதுகாப்பு பூட்டிய பெட்டியன்று, பிரதி செய்யும் வழக்கமே என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனெரிமாரான சீகன்பால்கும் புளூட்சோவும் தொடங்கிய பணி, 1919-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக உருப்பெற்றது. அப்பணியின் ஆதிகாலத்தை இத்தனை விவரமாக நாம் அறிவதற்குக் காரணம், மிஷனெரிமார் ஜெர்மனியிலுள்ள ஹாலே நகருக்கு விடாது அறிக்கைகள் எழுதியனுப்பியதும், 1710 முதல் அவை அங்கே தொடர்ந்து அச்சேறியதுமாம். ஆயினும் அந்த உபகாரத்தினுள்ளேயே ஓர் இழப்பும் மறைந்திருக்கிறது. 1712 முதல் 1714 வரை சீகன்பால்கும் அவரது உடன் மிஷனெரியான குருண்டலரும் கேட்ட கேள்விகளுக்குத் தமிழர் விடையாக எழுதிய கடிதங்கள் தொண்ணூற்றொன்பது ஜெர்மன் மொழிபெயர்ப்பில் நிலைபெற்றுவிட்டன. அவற்றின் தமிழ் மூலமோ இன்று கிடைப்பதில்லை. நம் முன்னோர் நம் மொழியில் எழுதியதை அயல்மொழி வழியே அறிய வேண்டியவரானோம்.

ஹாலேயில் யாவும் பத்திரமாயிருக்க, இங்கே எதற்கு இத்தனை கவலை என்று வினவுவாருண்டு. அவ்வறிக்கைகள், பணிக்குப் பொருளுதவிய ஐரோப்பிய விசுவாசிகளின் மனத்தை உருக்கும் நோக்கமும் உடையவை. ஆதலின் அந்நோக்கத்துக்கு உகந்ததே அவற்றில் முந்தி இடம் பெற்றது. 1733-இல் குருப்பட்டம் பெற்ற ஆரோனையும், தஞ்சை அரசரின் படையில் சேவகராயிருந்து உபதேசியாரான இராஜநாயக்கனையும் அவை போற்றுகின்றன. அவர்களிடம் போதனை கேட்ட உழவரும் கூலிகளும் பெரும்பாலும் ஒரு வரியோடு நின்றுவிடுகிறார்கள்.

அவர்களுக்குச் சரித்திரம் உண்டெனில், அது சிற்றூர்ச் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டிலேயே உண்டு. பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தாய் தந்தையர், அவர்தம் ஊர், தொழில், சாட்சிகள், குருவின் கையொப்பம் என இவ்வளவே ஒரு பதிவு. ஆனால் தந்தையின் தொழில் பண்ணையாள் என்றிருக்க, முப்பது ஆண்டு கழித்து அப்பிள்ளையே தந்தையாகி நிற்கும் வரியில் உபாத்தியாயர் என்றிருக்குமாயின், எந்த அறிக்கையும் சொல்லாத ஒரு குடும்பத்தின் எழுச்சியை அவ்விரு வரிகளும் சொல்லிவிடுகின்றன.

டெல்டாவின் ஈரக்காற்றும் கரையானும் இராமபாணப் பூச்சியும் இப்பதிவேடுகளுக்குத் தவணை கொடுப்பதில்லை. பழைய மையே தாளை அரித்துத் துளைத்துவிடுவதும் உண்டு. ஆதலால் ஒவ்வொரு சபையாரும் தம் பதிவேட்டை ஏடு ஏடாகப் படமெடுத்து, ஒரு பிரதியை ஊரிலும், ஒன்றைத் திருச்சபையின் தலைமையிடத்திலும், ஒன்றைத் தொலைவிலுள்ள ஆவணக் காப்பகத்திலும் வைத்தல் வேண்டும். எழுத்து மங்கிய இடங்களை, படிக்கத் தெரிந்த முதியோர் உள்ளபோதே படித்தெழுதி வைத்தலும் வேண்டும். பெரும்பொருட்செலவை இது வேண்டுவதன்று, சிரத்தையையே வேண்டுவது. வருகிற ஆடிப் பெருக்குக்குள் உங்கள் சபையின் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள்.