வேர் பிடிக்கும் காலம்

சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் அருகருகே இருக்கின்றன. ஒரே ஆள் இரண்டிலும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போவது அங்கே சாதாரணக் காட்சி. அங்கிருந்து பொடிநடையாக நடந்தால் தேக்கா வந்துவிடும். 1815இல் நெப்போலியன் தோற்ற போரின் நினைவாக 1858இல் அந்தத் தெருவுக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். பல் மருத்துவ வரலாறு படிக்கிறவர்களுக்கு வாட்டர்லூ என்றதும் நெப்போலியனோடு இன்னொன்றும் நினைவுக்கு வரும்: பிணங்களின் வாய்.

போர் முடிந்ததும் களத்தில் கிடந்த இளைஞர்களின் முன்பற்களைக் குறடு கொண்டு பிடுங்கி எடுத்தார்கள். நீர்யானைத் தந்தத்தில் செதுக்கிய அடித்தளத்தில் அவற்றைப் பதித்துப் பல் செட்டு செய்து, காசுள்ளவர்களுக்கு விற்றார்கள். 'வாட்டர்லூ பற்கள்' என்ற பெயர் அப்படி வந்தது. வாங்கியவர்களுக்கு அதில் கூச்சமில்லை. சவக்குழியைத் தோண்டி எடுத்த பல்லைவிட, ஆரோக்கியமான சிப்பாயின் பல் மேல் என்று நினைத்தார்கள்.

அதற்கு முந்தைய தலைமுறையில் உயிரோடு இருப்பவர்களின் பல்லே சந்தைக்கு வந்திருந்தது. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் மனிதப் பல் ஒன்றைச் சேவலின் கொண்டையில் நட்டுப் பார்த்தார். ஒருவர் பல்லை இன்னொருவர் தாடையில் வைக்கலாம் என்று 1771இல் வெளிவந்த தன் நூலில் அவர் எழுதியது ஒரு மோகத்தையே கிளப்பிவிட்டது. ஏழைச் சிறுவர்களுக்குச் சில்லறை கொடுத்துப் பல்லைப் பிடுங்கி, அந்தச் சூடு ஆறுமுன் சீமாட்டியின் ஈறில் சொருகினார்கள். ரௌலண்ட்சன் 1787இல் இதை வைத்து ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். அப்படிச் சொருகிய பற்கள் நிலைக்கவில்லை. நோய்கள்தான் வாய் விட்டு வாய் போயின.

ஒரு பல்லுக்கா இவ்வளவு என்று கேட்கலாம். 'பல்லு போனா சொல்லு போச்சு' என்பது நம்ம ஊர்ப் பேச்சு. அதன் பின்னால் இலக்கணமும் இருக்கிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் புரட்டிப் பாருங்கள். மேற்பல்லின் அடியில் நாக்கு நுனி பரந்து படும்போது த, ந பிறக்கின்றன. மேற்பல் இதழோடு சேரும்போது வ பிறக்கிறது. முன்பல் போன ஒருவர் 'தம்பி', 'நான்', 'வா' என்று சொல்லும்போது காற்று கசியும் இடத்தை அந்த நூல் அன்றே குறித்து வைத்திருக்கிறது.

அடுத்தவர் வாயில் கைவைக்காமல் பல் நடமுடியுமா? முடியும் என்பதற்குப் பழைய சாட்சி ஹோண்டுராசில் இருக்கிறது. 1931இல் அங்கே கிடைத்த, சுமார் கி.பி. 600ஐச் சேர்ந்த மாயன் தாடை ஒன்றில், கீழ் முன்பற்கள் இருந்த குழிகளில் பல் வடிவில் செதுக்கிய மூன்று சிப்பித் துண்டுகள் இருந்தன. செத்தபிறகு சடங்குக்காக வைத்தது என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். 1970களில் எக்ஸ்ரே எடுத்தபோது சிப்பியைச் சுற்றி எலும்பு வளர்ந்திருப்பது தெரிந்தது. அந்த மனிதர் அதோடு வாழ்ந்திருக்கிறார்.

நவீன வழி தற்செயலாகத் திறந்தது. 1952இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரானமார்க் முயலின் கால் எலும்புக்குள் ரத்தம் ஓடுவதைப் பார்க்க ஒரு டைட்டானியக் குழலைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதைப் பற்றிக்கொண்டிருந்தது. 1965இல் கோதன்பர்க்கில் யோஸ்தா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பதித்தார். பிறவியிலேயே தாடைக் குறையோடும் பல் குறையோடும் இருந்தவர் அவர். 2006இல் இறக்கும்வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், அந்தத் திருகுகள் அவருக்கு வேலை செய்தன. சொந்த நாட்டுப் பல் மருத்துவர்களே பிரானமார்க்கை ஏளனம் செய்தார்கள். 1982இல் டொரொண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

இம்ப்ளாண்டை 'உள்வைப்பு' என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு 'நடவு' என்ற சொல்தான் பிடிக்கிறது. நட்டதும் அறுக்க முடியாது. வேர் பிடிக்கக் காத்திருக்க வேண்டும். பிரானமார்க்கின் முறையில் கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம். அதற்குப் பிறகுதான் மேலே பல்லை மாட்டுவார்கள். இப்போது சிலருக்கு அன்றைக்கே தற்காலிகப் பல் வைக்கிறார்கள். ஆனாலும் எலும்பு பற்றிக்கொள்ளக் காலம் எடுக்கத்தான் செய்கிறது.

சிங்கப்பூரில் பல் மருத்துவப் படிப்பு 1929இல் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. அங்கே பேராசிரியராக இருந்த டிராட்மன், மனிதரின் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர் இருப்பது எந்த இனத்தில் எவ்வளவு என்று 1938இல் கட்டுரை எழுதினார். காலனிய அறிவியல் வேரை எண்ணி இனம் பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. இன்று அதே ஊரில் எந்த இனத்தவர் தாடைக்கும் ஒரே டைட்டானிய வேர்தான். ஒரு பல்லுக்குச் சில ஆயிரம் வெள்ளி ஆகும். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அறுவைச் சிகிச்சைச் செலவில் ஒரு பகுதியை மெடிசேவ் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வேலை அனுமதியில் வந்திருக்கும் கட்டுமானத் தொழிலாளிக்கு அந்தக் கணக்கே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் எனக்குப் பழக்கமான ஒரு தம்பி உண்டு. பட்டுக்கோட்டைப் பக்கம். மேல் முன்பல் ஒன்று இல்லாமல் இரண்டு வருஷம் ஓட்டினான். வீடியோ காலில் பேசும்போது கை தானாக வாய்க்குப் போகும். "ஊருக்குப் போறப்ப பாத்துக்கலாம்ணே, அங்க கம்மியா முடியும்" என்பான். காசையும் சேர்த்துவிட்டான். போன வருஷம் ஒரு மாத விடுப்பில் போனான். இம்ப்ளாண்ட் முழுசாக முடிய ஆறு மாதம் ஆகும் என்றார் ஊர் டாக்டர். இவனுக்கு இருபத்தெட்டாம் நாள் விமானம். கடைசியில் பக்கத்திலிருந்த இரண்டு நல்ல பற்களை அராவிச் சின்னதாக்கி, மூன்றையும் சேர்த்து ஒரு பிரிட்ஜ் கட்டிக்கொண்டு வந்தான். "ஒரு பல்லுக்கு ரெண்டு பல்லக் குடுத்துட்டு வந்தேண்ணே" என்று சிரித்தான். இப்போது 'தம்பி', 'வா' எல்லாம் காற்றுக் கசியாமல் வருகிறது.

பிரிட்ஜ் மோசமான வைத்தியம் இல்லை. பல வருஷம் உழைக்கும். நிறையப் பேருக்கு அதுவே பொருத்தம். ஆனால் இவன் வேறொன்றுக்காகக் காசு சேர்த்திருந்தான். அன்றைய லண்டனில் பல் நடவுக்கு ஏழைச் சிறுவனின் பல் தேவைப்பட்டது. அந்தத் தேவையை டைட்டானியம் ஒழித்தது. அது உண்மையிலேயே பெரிய காரியம். ஆனாலும் அராவிய இரண்டு நல்ல பற்கள் மறுபடி ஒரு கூலித் தொழிலாளியின் வாயில்தான் இருக்கின்றன. இந்தத் தடவை அவனைத் தடுத்தது முக்கியமாகக் காசு இல்லை, நாள்காட்டி. எலும்பு ஆறு மாதம் கேட்டது. விடுப்பு ஒரு மாதம்தான் கொடுத்தது.

பல் நடவின் வரலாற்றில் ஹன்டரின் சேவலும் பிரானமார்க்கின் முயலும் எப்போதும் இடம்பெறுகின்றன. இனி எழுதுகிறவர்கள் அந்த விமானச் சீட்டையும் சேர்த்து எழுத வேண்டும்.